அலையாத்தி நடவுக்கு முத்தரப்பு ஒப்பந்தம்: கையெழுத்து ஆகிவிட்டது, களத்தில் யார்?

கழிமுகத்தான் | மே 28, இரவு 10:40

வணக்கம். கடலோர மாவட்டம் ஒன்றில் அலையாத்திக் (மாங்குரோவ்) காடுகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். எங்கள் ஆய்வகம், ஓர் அரசு அலுவலகம், ஒரு தொண்டு நிறுவனம் என மூன்று தரப்பும் சேர்ந்து சென்ற ஆண்டு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன. ஒப்பந்தம் பதினான்கு பக்கம். யாருடைய இலச்சினை எந்த அளவில் அச்சாக வேண்டும் என்பதற்கு மட்டும் ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். நட்ட நாற்று பட்டுப்போனால் யார் போய்ப் பார்ப்பது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

இப்போது நாள் குறித்துவிட்டார்கள். ஜூலை 26, உலக அலையாத்தி நாள். பத்தாயிரம் நாற்றுகள். இடம், முகத்துவாரத்துக்கு உள்ளே இருக்கும் வெறும் சேற்றுத்திட்டு. அங்கே எப்போதாவது மரம் இருந்ததா என்று கேட்டேன். "காலி இடம்தானே" என்றார்கள். மூன்று மாதம் கழித்துப் போய், பிழைத்த நாற்றுகளை எண்ணி அறிக்கை கொடுப்பது என் பங்கு.

கூட்டு ஆய்வு என்றால் எங்கும் இப்படித்தானா? உருப்படியாக நடந்த ஒன்றைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பழைய_வனவர் | மே 29, காலை 6:05

தம்பி, ஜூலையில் நடுவதா? நம் கடற்கரையில் சேற்றில் உப்பு ஏறி நிற்கும் மாதம் அது. வடகிழக்குப் பருவமழை கழுவிவிட்ட பிறகு நட்டாலே பாதி போராட்டம். உலக நாள் ஜூலையில் வருகிறது என்பதற்காக உப்பு இறங்கி வராது.

விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

வெள்ளாற்றங்கரை | மே 29, காலை 11:20

நீங்கள் கேட்டதற்குப் பிச்சாவரத்தைத்தான் சொல்வேன். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் காடு. படகுச் சவாரிக்குப் போகிறவர்கள் பார்ப்பது ஓரத்துச் சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்தை மட்டும். உள்ளே ஒரு காலத்தில் பெரும் பரப்பு மொட்டையாகக் கிடந்தது.

அது ஏன் மொட்டையானது என்பதில்தான் கதையே இருக்கிறது. ஊர்க்காரர்கள் விறகு வெட்டினார்கள், மாடு மேய்த்தார்கள், அதனால் அழிந்தது என்பதே நெடுங்கால நம்பிக்கை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990களில் வனத்துறையோடு சேர்ந்து இறங்கிப் பார்த்தபோது வேறு காரணம் தெரிந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை காட்டைக் கூப்பு கூப்பாக (வெட்டுவதற்கென்று வகுத்த பகுதிகளாக) பிரித்து, முறைவைத்து மொட்டையடித்திருக்கிறார்கள். மரம் போனதும் சேறு நேர் வெயிலில் காய்ந்து, அமுங்கி, தட்டுப்போல நடுவில் குழிந்துவிட்டது. பெரிய ஓதத்தில் (கடல் ஏற்றத்தில்) உள்ளே வந்த நீர் வற்றும்போது வெளியே போக வழியில்லை. தேங்கி, ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போகும். அடுத்த ஓதம் இன்னும் கொஞ்சம் உப்பைக் கொண்டுவரும். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்பு இருக்கும் என்றால் அந்தப் பள்ளத்துச் சேற்றில் அது இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். அங்கே எந்த விதை முளைக்கும்? உப்பு மண்ணைத் தாங்கும் சிறு செடியான உமிரிதான் முளைக்கும்.

நோய் புரிந்ததும் மருந்து எளிதாகிவிட்டது. வாய்க்கால் வெட்டினார்கள். இயற்கையான ஓடையிலிருந்து ஒரு தாய் வாய்க்கால், அதிலிருந்து இரு பக்கமும் 45 பாகையில் சாய்ந்து பிரியும் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள். ஓதம் தடையில்லாமல் வந்து போனது, உப்பு கழுவப்பட்டது, வாய்க்கால் சரிவில் வெண்கண்டல் என்ற அலையாத்தி வகையின் நாற்று நட்டார்கள், பிடித்துக்கொண்டது. முதலில் சிறிய பரப்பில் செய்து பார்த்து, பிறகு விரித்தார்கள். 1986க்கும் 2002க்கும் இடையில் பிச்சாவரத்தில் காட்டுப்பரப்பு ஏறத்தாழ 90 சதவீதம் கூடியதாகச் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டார்கள். கிராமங்களில் குழு அமைத்து, வாய்க்கால் எங்கே ஓட வேண்டும் என்பது முதல் கூலிக்கணக்கு வரை அவர்களோடு பேசியே செய்தார்கள்.

உங்கள் திட்டத்தில் "ஏன் இங்கே மரம் இல்லை" என்ற கேள்வியை யார் கேட்டார்கள்? ஆய்வுக் கூட்டாளிக்கு அதுதான் முதல் வேலை. நட்ட பிறகு தலையெண்ணுவதற்கு ஆய்வாளர் எதற்கு, வாட்சர் போதும்.

தராசு | மே 29, பிற்பகல் 2:15

வெள்ளாற்றங்கரை ஐயா எழுதியதில் பெரும்பாலும் உடன்பாடுதான். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அந்த 90 சதவீதத்தைக் கணக்கிட்டவர்களும் வாய்க்கால் வெட்டியவர்களும் ஒரே அணி. பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. செயற்கைக்கோள் படம் யார் வேண்டுமானாலும் எடுத்துச் சரிபார்க்கக்கூடியது, அதனால்தான் அந்த எண்ணை நானும் ஏற்கிறேன். ஆனால் கூட்டாளியே மதிப்பெண் போடுவது நல்ல பழக்கம் இல்லை.

இன்னொரு கோணமும் உண்டு. பிச்சாவரத்தில் வனத்துறை தன் பழைய தவற்றை ஒப்புக்கொண்டது பெருந்தன்மை என்று பலர் எழுதுகிறார்கள். கூப்பு முறையை வகுத்தவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டவர்கள். இறந்தவர் மேல் பழி விழுந்தால் கோப்பில் கையெழுத்துப் போட யாருக்கும் கை நடுங்காது. பதவியில் இருப்பவர் போன வருடம் செய்த தவறு என்று ஆய்வு சொல்லியிருந்தால் அந்தக் கூட்டணி நிலைத்திருக்குமா?

வெள்ளாற்றங்கரை | மே 29, மாலை 4:50

சுருக்கென்று இருந்தாலும் நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

உப்பங்காற்று | மே 29, இரவு 9:30

நான் அந்தப் பக்கத்துக் கழியில் பிறந்தவள். அப்பா இன்றும் இறால் பிடிக்கப் போகிறார். வலையெல்லாம் கிடையாது. கழுத்தளவு நீரில் குனிந்து இரண்டு கையாலும் சேற்றைத் தடவிப் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடும் பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள், ஏனென்றால் கை இரண்டும் வேலையில் இருக்கும். ஆய்வுக்கு வருகிறவர்கள் இதைத்தான் ஓடி ஓடிப் படம் எடுப்பார்கள்.

ஊர்க்காரர்மேல் சுமத்திய பழி நீங்கியது நல்லதுதான். அதற்காக எங்களைப் புனிதர்களாக்க வேண்டாம். விறகும் வெட்டினோம், ஆடும் விட்டோம். ஆனால் காடு செத்ததற்குக் காரணம் நாங்கள் இல்லை என்று முதன்முதலாக ஒரு வரைபடத்தை விரித்துக் காட்டியபோது ஊர்ப் பெரியவர்கள் முகத்தில் இருந்த வியப்பைப் பற்றி அப்பா இன்னும் பேசுவார்.

எங்கள் குறை வேறு. என் நினைவு தெரிந்து எத்தனையோ பேர் கேள்வித்தாளோடு வந்திருக்கிறார்கள். மாத வருமானம் எவ்வளவு, எத்தனை நாள் கடலுக்குப் போகிறீர்கள், கழிப்பறை இருக்கிறதா. அம்மா மனப்பாடமாகப் பதில் சொல்வார். முடிவு என்ன ஆயிற்று என்று திரும்பி வந்து சொன்னவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு முறை ஒரு பட்ட ஆய்வேடு கிடைத்தது, ஆங்கிலத்தில். நான் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் வீட்டில் யாராலும் அதைப் படிக்க முடிந்தது. அதில் எங்கள் ஓடையின் பெயரே தப்பாக இருந்தது.

கழிமுகத்தான் அண்ணா, உங்கள் சேற்றுத்திட்டு "காலி இடம்" என்று எழுதினீர்கள். கடல் நீர் இறங்கியிருக்கும் வற்றத்தில் அங்கே பெண்கள் மட்டி பொறுக்குகிறார்களா என்று பார்த்தீர்களா?

கழிமுகத்தான் | மே 29, இரவு 11:55

பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், வற்றத்தில் நான் அங்கே போனதே இல்லை. படகு ஓடாது என்பதால் எப்போதும் நீர் ஏறியிருக்கும்போதுதான் எங்களைக் கூட்டிப் போவார்கள்.

பழைய_வனவர் | மே 30, காலை 5:50

நேற்றுச் சொன்னபடி எழுதுகிறேன். நான் பணியில் இருந்தது காவிரி டெல்டாவின் தெற்கு முனையில். இதே மீன்முள் வாய்க்கால் முறைதான் அங்கேயும் செய்தோம். படிக்கிறவர்களுக்கு வாய்க்கால் என்றால் ஒரு கோடு. எங்களுக்கு அது இடுப்பளவு சேறு.

வாய்க்காலின் வாய் அகலமாகவும் அடி குறுகலாகவும் இருக்க வேண்டும். நேர்குத்தாக வெட்டினால் ஒரே மழையில் கரை சரிந்து மூடிவிடும். சரிவு இருந்தால்தான் நாற்றுக்கும் நிற்க இடம் கிடைக்கும், நீர் நாளுக்கு இரண்டு முறை அதன் காலைத் தொட்டுவிட்டுப் போகும். மண்வெட்டியால் சேற்றை அல்வாத் துண்டுபோல அறுத்து, கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றுவார்கள். இங்கேதான் முதல் வருடம் கோட்டைவிட்டோம். எடுத்த மண்ணை அப்படியே கரையில் குவித்துவிட்டோம். அது காய்ந்து வரப்பாகிவிட்டது. வாய்க்காலில் நீர் ஓடுகிறது, வரப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளத்து நீர் வாய்க்காலுக்குள் வர முடியவில்லை. உப்பை வெளியேற்ற வெட்டிய வாய்க்கால், உப்புக்குக் கரை கட்டிக் கொடுத்திருக்கிறது. ஆய்வு நிறுவனத்திலிருந்து வந்த பையன் உப்புமானியோடு நான்கு இடத்தில் அளந்து, "ஐயா, இங்கே உப்பு குறையவே இல்லை" என்றான். அவன் சொன்னது அவ்வளவுதான். ஏன் என்று சொன்னவர் வெட்டுக்கு வந்திருந்த ஒரு மீனவர். "மண்ணைப் பரத்துங்கள், பத்தடிக்கு ஒரு திறப்பு விடுங்கள்" என்றார். விட்டோம். அடுத்த மழைக்குப் பிறகு தானாக விழுந்த விதையே முளைத்தது.

அளந்தவன் ஒருவன், காரணம் சொன்னவர் ஒருவர், மஸ்டர் ரோலில் (கூலிப் பதிவேட்டில்) கையெழுத்துப் போட்டு மறுபடி ஆள் விட்டவன் நான். மூன்றில் ஒருவர் இல்லையென்றாலும் அந்தத் திட்டு இன்னும் மொட்டையாகத்தான் இருக்கும். கூட்டு என்று நான் அறிந்தது இதுதான். ஒப்பந்தத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை.

இனி வலிக்கிற விஷயம். வாய்க்கால் தூர்ந்துபோகும். வண்டல் வந்துகொண்டே இருக்கும் இடத்தில் தூராமல் என்ன செய்யும். சில வருடத்துக்கு ஒரு முறை தூர் வார வேண்டும். திட்டம் மூன்று அல்லது ஐந்து வருடம், பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்ததோடு கோப்பு மூடப்படும். ஆறாவது வருடம் தூர் வார எந்தத் தலைப்பில் பணம் கேட்பது? புது நடவுக்கு நிதி கிடைக்கும், பழைய வாய்க்காலுக்குக் கிடைக்காது. நான் ஓய்வு பெறும்போது, நாங்கள் வெட்டியதில் பாதி மேடாகிவிட்டிருந்தது.

மலைப்பாதை | மே 30, காலை 10:10

கடலை விட்டுச் சற்று மலைக்கு வாருங்கள். நிதி முடிந்த பிறகு யார் நிற்பது என்ற கேள்விக்கு வால்பாறையில் ஒரு வகையான பதில் இருக்கிறது.

ஆனைமலையில் வால்பாறைப் பீடபூமி 220 சதுர கிலோமீட்டர் அளவுக்குத் தேயிலையும் காப்பியும். நடுநடுவே தீவுகளாக மழைக்காட்டுத் துண்டுகள், அவற்றில் பல தனியார் எஸ்டேட் நிலத்தில். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த திவ்யா முத்தப்பாவும் சங்கர் ராமனும் 2000ஆம் ஆண்டு வாக்கில் எஸ்டேட் நிறுவனங்களோடு பேசி, அந்தத் துண்டுகளைச் சீரமைக்கத் தொடங்கினார்கள். சாலையோரத்தில் உதிர்ந்து கிடக்கும் காட்டுமர விதைகளைப் பொறுக்கி (சாலையில் விழுந்தது எப்படியும் வண்டி ஏறி நசுங்கத்தான் போகிறது), நாற்றங்காலில் வளர்த்து, உண்ணிச்செடியை அகற்றி, அந்தந்த இடத்துக்குரிய மரத்தை நடுகிறார்கள். இன்றும் செய்கிறார்கள். ஊரிலேயே ஆய்வு நிலையம் வைத்து அங்கேயே இருக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

தராசு அவர்களுக்குப் பிடிக்கும் செய்தி ஒன்று. அவர்கள் நட்ட இடங்களை, நடாமல் தானாக வளரவிட்ட இடங்களோடும் அழியாத காட்டோடும் ஒப்பிட்டு 2019இல் கட்டுரை வெளியிட்டார்கள். நட்ட இடங்கள் வேகமாக மீண்டிருந்தன. ஆனால் பெருங்காட்டுக்கு அருகில் இருந்த துண்டுகளில் அந்த வேறுபாடு குறைவு. பறவையும் விலங்கும் விதை கொண்டுவரும் தூரத்தில் காடு இருந்தால் சும்மா விட்டாலும் ஓரளவு தேறுகிறது என்று பொருள். எங்கே நட வேண்டாம் என்று தெரிந்துகொள்வதற்கும் ஆய்வு வேண்டும். அதற்கு, ஒன்றும் செய்யாமல் விட்ட ஓர் இடம் ஒப்பீட்டுக்கு இருக்க வேண்டும். பெரும்பாலான ஒப்பந்தங்களில் அதற்கு இடமே இருக்காது. ஒன்றும் செய்யாததைப் படம் எடுக்க முடியாதே.

தராசு | மே 30, பகல் 12:30

பிடித்தது. ஒப்பீட்டு இடம் இல்லாததால் எத்தனை சண்டை வந்தது என்பதற்கு சுனாமியே சாட்சி. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, பரங்கிப்பேட்டைப் பக்கம் 18 குக்கிராமங்களின் கணக்கை வைத்து, மரம் இருந்த இடத்தில் உயிரிழப்பு குறைவு என்று கதிரேசனும் ராஜேந்திரனும் 2005இல் எழுதினார்கள். மறு ஆண்டே வேறு சிலர் அதே எண்களை மறுபடி ஆராய்ந்து, கடலிலிருந்து உள்ள தூரமும் நிலத்தின் உயரமுமே பெரும்பங்கு காரணம், மரத்துக்குத் தனியே கொடுக்க அதிகம் மிச்சமில்லை என்றார்கள். அதற்கும் மறுப்பு வந்தது. மேட்டில், உள்ளே தள்ளி இருக்கும் ஊருக்கு முன்னால்தான் காடும் இருக்கிறது என்றால் எதை எதிலிருந்து பிரிப்பது?

நான் அலையாத்திக்கு எதிரி அல்ல. மீனுக்கும் நண்டுக்கும் அது வேண்டும் என்பதே போதுமான காரணம். "சுனாமியைத் தடுக்கும் சுவர்" என்று விளம்பரப் பலகை வைத்து நிதி வாங்குவதுதான் பிடிக்கவில்லை.

உப்பங்காற்று | மே 30, பகல் 1:05

உங்களுக்கு அது எண்கள் பிரச்சினை. சுனாமி அடித்த எம்.ஜி.ஆர். திட்டு என்ற ஊரில் எங்களுக்கு உறவினர்கள் இருந்தார்கள். காட்டுக்குள் ஓடி மரத்தைப் பிடித்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

தராசு | மே 30, பகல் 1:40

தவறு என்னுடையது. வறட்டுத்தனமாக எழுதிவிட்டேன். மன்னியுங்கள்.

நெறியாளர் | மே 30, மாலை 6:00

சுனாமி விவாதத்துக்குத் தனி இழை திறக்கலாம். இங்கே கழிமுகத்தானின் கேள்விக்குத் திரும்புவோம். இடையில் ஒருவர் "தில்லை" என்றால் என்ன என்று தனிமடலில் கேட்டிருக்கிறார். அதுவும் அலையாத்திக் காட்டு மரம்தான். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது அதனால்தான். ஒடித்தால் பால் வரும், கண்ணில் பட்டால் பெரும் ஆபத்து. கோவிலுக்குப் போகிறவர்கள் லட்சம் பேர், மரத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேரோ.

வெள்ளாற்றங்கரை | மே 31, காலை 9:15

கழிமுகத்தான், செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் ராபின் லூயிஸ் என்ற அலையாத்தி வல்லுநர் காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது இதுதான்: முதலில் நீரோட்டத்தைச் சரிசெய், நிலத்தின் உயரத்தைப் பார், நடவு கடைசி. பிலிப்பைன்ஸில் பல இடங்களில், தாழ்வான சேற்றிலும் கடற்புல் வெளியிலும் சுரபுன்னையை வரிசை வரிசையாக நட்டுப் பெரும்பகுதியைப் பறிகொடுத்தார்கள். அந்த இடங்களில் அலையாத்தி இயல்பாகவே வளர்வதில்லை, நீர் மூடியிருக்கும் நேரம் அதிகம். நிலத்துக்காக யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை என்பதால் அங்கே நட்டார்கள். உங்கள் திட்டுக்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

பக்கத்தில் தானாக நிற்கும் கண்டல் எந்த உயரத்தில் நிற்கிறது, உங்கள் திட்டு அதைவிட எவ்வளவு தாழ்வு என்று அளந்து பாருங்கள். பெரிய கருவி வேண்டாம்.

பழைய_வனவர் | மே 31, காலை 9:40

கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் மட்டக் குழாய் போதும் தம்பி. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய், இரண்டு குச்சி, ஒரு டேப். குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் அளவு பொய் சொல்லும், தட்டி வெளியேற்றிவிடு. ஊர் ஆள் ஒருவரைக் கூட்டிப் போ.

கழிமுகத்தான் | ஜூன் 9, இரவு 8:20

போய் வந்தேன். இரண்டு நாள், வற்றத்தில், முழங்கால் வரை சேற்றில். ஊரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். குழாயின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான். கரையோரமாகத் தானாக நிற்கும் கடைசிக் கண்டல் செடியின் அடியை வைத்துப் பார்த்தால், திட்டு 40 சென்டிமீட்டர் தாழ்வு. நம் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கமே ஒரு மீட்டரை ஒட்டித்தான். அங்கே நாற்று பாதி நாள் மூழ்கிக் கிடக்கும்.

உப்பங்காற்று கேட்டது சரி. காலையில் பதினோரு பெண்கள் மட்டி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். காலி இடமாம்.

அங்கிருந்து அரைக் கிலோமீட்டர் உள்ளே பெரியவர் ஒரு பள்ளத்தைக் காட்டினார். சிறு வயதில் அங்கே மரம் இருந்தது என்றார். அடிக்கட்டைகள் இன்னும் இருக்கின்றன, தொட்டுப் பார்த்தேன். ஒரு பழைய வண்டிப்பாதை ஓடையின் வாயை அடைத்துவிட்டிருக்கிறது. உப்பு லிட்டருக்கு 80 கிராமைத் தாண்டியது.

இரண்டு பக்கக் குறிப்பு எழுதி மூன்று தரப்புக்கும் அனுப்பினேன். "நிகழ்ச்சி முடிவாகிவிட்டது, தொனியைக் கொஞ்சம் தணித்து எழுதுங்கள்" என்று எங்கள் ஆய்வகத்திலிருந்தே பதில் வந்தது. தணிக்கவில்லை, எண்களை முன்னால் கொண்டுவந்து என் கருத்துகளைப் பின்னால் தள்ளினேன். நான் எதிர்பார்க்காதது, களப்பொறுப்பில் இருந்த அதிகாரி நேரே தொலைபேசியில் அழைத்தார். "பள்ளத்தைக் காட்டுங்கள்" என்றார். நேற்று வந்து பார்த்தார். ஜூலை 26 விழா நடக்கும், ஆனால் இருநூறு நாற்றோடு, கரையோரத்தில். பள்ளத்தில் மழைக்கு முன் ஓடையின் வாயைத் திறப்பது, மூன்று பாத்தி பிரிப்பது: ஒன்றில் வாய்க்கால் மட்டும், ஒன்றில் வாய்க்காலும் நடவும், ஒன்றைத் தொடாமல் விடுவது. வாய்மொழியாகச் சம்மதித்திருக்கிறார். எழுத்தில் இன்னும் வரவில்லை. தூர் வாரும் செலவைப் பற்றிக் கேட்டதற்குச் சிரித்தார்.

தராசு | ஜூன் 9, இரவு 8:55

தொடாத பாத்தியை வரைபடத்தில் குறித்து, எழுத்தில் வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்து மாறுதலாகி வருகிறவர் அங்கே எதையாவது நட்டு வைத்துவிடுவார்.

உப்பங்காற்று | ஜூன் 9, இரவு 9:30

பெரியவருக்கு இரண்டு நாள் கூலி கொடுத்தீர்களா?

கழிமுகத்தான் | ஜூன் 9, இரவு 9:42

கொடுத்தேன். ரசீதில் "உள்ளூர் உதவியாளர்" என்று எழுதச் சொன்னார்கள். பெயரை எழுதினேன். கட்டுரை வரும்போது அதில் எங்கே எழுதுவது என்று இன்னும் முடிவாகவில்லை. நன்றியுரையில் போடலாம் என்கிறார் வழிகாட்டி. ஓடையின் வாய் எங்கே அடைபட்டது என்று கண்டுபிடித்தவர் அவர்தான், நான் இல்லை.

பழைய_வனவர் | ஜூன் 10, காலை 5:45

அதை அவரிடமே கேள் தம்பி. அமாவாசை ஓதத்துக்குப் பள்ளத்தின் ஓரத்தில் நின்று, நீர் எதுவரை ஏறுகிறது என்று குச்சி நட்டு வை. வாய்க்காலின் ஆழத்தை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம். வெட்டிய மண்ணை எங்கே போடுவது என்று முன்பே யோசித்துவிடு.